எண்ணெய்த் தலையும் சோப்பு முட்டையும்

போன ஆண்டு, ஆண்டிறுதி விடுமுறைக்குச் சில வாரங்கள் முன்பு நடந்தது இது. இடம், நெகிரி செம்பிலான் மாநிலத்தில் சுங்கை காடுட் தொழிற்பேட்டையைத் தாண்டி உள்ளே போனால் வரும் ஒரு செம்பனை, அதாவது எண்ணெய்ப்பனைத் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி. அங்கே நான் பாலர் வகுப்பு ஆசிரியை. வீடு பாரோயில். தினமும் காலையில் காரை எடுத்துக்கொண்டு போய், ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகளோடு மதியம் வரை மாரடித்துவிட்டு வருகிறவள். இந்தக் கதையைச் சொல்லும்போது எனக்கு இன்னமும் குரல் உயர்ந்துவிடும். என் கணவர், “நீ சாப்பிட்டுட்டு சொல்லு” என்பார். நீங்களும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஆண்டு எங்கள் வகுப்புக்குச் சோப்பு முட்டைப் பைத்தியம் பிடித்திருந்தது. குமிழி என்று நான்தான் சொல்வேன், பிள்ளைகளுக்கு அது சோப்பு முட்டைதான். கை கழுவும் இடத்தில் ஒருவன் கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் வளையமாக்கி, அதற்குள் ஒரு சவ்வு பளபளப்பதைப் பார்த்துவிட்டுக் கத்தினான். அன்றிலிருந்து பாடம் அதுவே ஆகிவிட்டது. பாத்திரம் கழுவும் சவர்க்காரத்தைத் தண்ணீரில் கலந்தோம். பள்ளி வேலியோரத்துச் செம்பருத்தி இலைகளைக் கசக்கி அந்தக் கொழகொழப்பைச் சேர்த்தோம். பப்பாளி இலைக் காம்பை வெட்டி ஊதுகுழல் செய்தோம். கம்பியை வளைத்து வட்டம், சதுரம், முக்கோணம், நட்சத்திரம் எல்லாம் செய்து, “சதுரக் கம்பியில் ஊதினால் முட்டை எப்படி வரும்?” என்று கேட்டேன். பாதிப் பேர் பெட்டி மாதிரி வரும் என்று அடித்துச் சொன்னார்கள். உருண்டையாக வந்தது. நட்சத்திரத்திலும் உருண்டை. “மூலையெல்லாம் கம்பியிலயே மாட்டிக்கிச்சு டீச்சர்” என்று ஒருவன் விளக்கம் கொடுத்தான். அந்த விளக்கத்தை ஒழிக்க எனக்கு ஒரு வாரம் ஆனது.

பிள்ளைகளே கண்டுபிடித்த இன்னொன்று, காய்ந்த விரலால் தொட்டால் முட்டை உடையும், சவர்க்காரத் தண்ணீரில் நனைத்த விரலால் தொட்டால் உடையாது என்பது. நனைந்த உள்ளங்கையில் குமிழியை உட்கார வைக்கவும் முடியும். அதற்குப் பொறுமை வேண்டும். ஆறு வயதில் யாருக்கு இருக்கிறது பொறுமை?

ஒருத்திக்கு இருந்தது. இரட்டைச் சடைக்காரி. அப்பா தோட்டத்தில் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறார், அம்மா சுங்கை காடுட்டில் தொழிற்சாலை வேலை. வரிசையில் எல்லோரும் முட்டி மோதும்போது கடைசியில் போய் நின்றுகொள்ளும் பிள்ளை. பேச்சு குறைவு. ஆனால் காம்பை வாயில் வைத்தால், சூடான கஞ்சியை ஆற்றுவது போல அவ்வளவு மெதுவாக ஊதுவாள். அவள் உள்ளங்கையில் ஒரு எலுமிச்சை அளவுக்குக் குமிழி உட்காரும். மற்ற பிள்ளைகள் மூச்சை அடக்கிக்கொண்டு பார்ப்பார்கள். அந்த நேரம் மட்டும் அவள் நிமிர்ந்து எல்லோரையும் பார்ப்பாள். நான் அதற்காகவே தினமும் அவளை ஊதச் சொல்வேன்.

இந்த நேரத்தில்தான் பட்டணத்திலிருந்து ஓர் அமைப்பு வந்தது. பெயர் வேண்டாம். தோட்டப்புறப் பிள்ளைகளுக்குக் கையால் செய்து கற்கும் குமிழி அறிவியல் நிகழ்ச்சி நடத்துகிறோம், பெரிய தட்டு, பெரிய வளையம் எல்லாம் நாங்களே கொண்டுவருகிறோம் என்றார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஏற்பாட்டாளரான அம்மணியிடம் நானே தொலைபேசியில் பேசினேன். எங்கள் வகுப்பில் ஒரு சிறுமி உள்ளங்கையில் குமிழியை உட்கார வைப்பாள், அவள் முதலில் செய்து காட்டட்டும் என்று கேட்டேன். “சோ கியூட்! கண்டிப்பா டீச்சர்” என்றார். அதை அவள் அம்மாவிடம் சொன்னபோது, அந்தப் பெண் தொழிற்சாலையில் விடுப்பு எடுத்துக்கொண்டு வருகிறேன் என்றாள்.

நிகழ்ச்சியன்று காலையில் எங்கள் திறந்த மண்டபம் கல்யாண வீடு மாதிரி இருந்தது. தோரணம், வாழை மரம், நுழைவாயிலில் சந்தனம், குங்குமம், பன்னீர். இரட்டைச் சடைக்காரியை அவள் அம்மா கையைப் பிடித்து அழைத்து வந்தாள். வகிடு எடுத்து, தேங்காய் எண்ணெய் வைத்துப் படியச் சீவி, சிவப்பு ரிப்பன் கட்டி, இரண்டு சடையையும் இணைத்து மல்லிகைச் சரம். முகம் எல்லாம் பவுடர்.

“நல்லா எண்ண வச்சி சீவி விட்டுருக்கேன் டீச்சர். ஒரு முடி பறக்காது லா. போட்டோல அழகா வரும்” என்றாள் அம்மா.

அழகாகத்தான் இருந்தாள். அன்று அங்கே வந்த எங்கள் பிள்ளைகள் எல்லோருமே அப்படித்தான் எண்ணெய் வைத்துச் சீவி வந்திருந்தார்கள். முக்கியமான நாளுக்குப் பிள்ளையைத் தலை கலைந்து அனுப்பக் கூடாது என்பது எங்கள் வீடுகளில் சொல்லித் தர வேண்டிய விஷயமே இல்லை.

நிகழ்ச்சியைத் திறந்து வைக்க வேண்டிய பிரமுகர் இன்னும் வரவில்லை. பிள்ளைகள் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். மேடைக்கு முன்னால் ஒரு பெரிய வெள்ளைத் தட்டு. அகலமோ ஒரு குழந்தையைக் குளிப்பாட்டலாம், ஆழமோ விரற்கடை. அதில் குமிழித் தண்ணீர் ஊற்றி, பக்கத்தில் பளபளவென்று கம்பி வளையங்கள் அடுக்கியிருந்தார்கள். சுற்றிலும் ரிப்பன் கட்டி, “பிரமுகர் திறந்து வைக்கும் வரை யாரும் தொடக் கூடாது” என்று அம்மணி ஒலிபெருக்கியில் அறிவித்தார். பிள்ளைகளுக்கு முன்னால் ஒரு தட்டு நிறைய சோப்புத் தண்ணீரை வைத்துவிட்டுத் தொடாதே என்பதைவிடப் பெரிய கொடுமை உண்டா? அவர்கள் தொடவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன். வெயில் ஏறி, தரை சுட்டு, சின்னது ஒன்று தூங்கியே விழுந்தது. ஒரு பிள்ளைகூட ரிப்பனைத் தாண்டிக் கை நீட்டவில்லை.

ஒரு வழியாகப் பிரமுகர் வந்தார், டத்தோ பட்டம் வாங்கியவர். மாலை, பொன்னாடை, கைதட்டல். பிறகு குத்துவிளக்கு. மெழுகுவர்த்தித் தட்டை ஏந்தி விளக்குக்குப் பக்கத்தில் நின்றது நான்தான், அதனால் எல்லாவற்றையும் ஒரு முழ தூரத்தில் பார்த்தேன். விளக்கில் எண்ணெய் தளும்பத் தளும்ப ஊற்றியிருந்தார்கள். திரிகள் எண்ணெயில் மூழ்கிக் கிடந்தன. மேலே விசிறி வேறு. முதல் திரி பிடிக்கவில்லை. பிரமுகர் விரலை உள்ளே விட்டுத் திரியை இழுத்து, நுனியைக் கிள்ளி, திருகி, ஒரு வழியாக ஏற்றினார். அடுத்த திரி அம்மணி. அதற்கடுத்தது நிகழ்ச்சிக்குப் பணம் கொடுத்த ஆதரவாளர்கள் இருவர். ஒவ்வொருவரும் அதே போல இழுத்து, கிள்ளி, ஏற்றினார்கள். பிரமுகரின் விரல்களிலிருந்து மணிக்கட்டு வரை எண்ணெய் வழிந்தது. கைக்குட்டையால் ஒற்றிக்கொண்டார். கரி விரல் நுனியிலேயே இருந்தது.

அதற்குப் பிறகு ரிப்பன் வெட்டு. அவர் கம்பி வளையத்தால் ஒரு குமிழியைத் தூக்கிக் காட்டுவார் என்றுதான் நிகழ்ச்சி நிரல். அவரும் வளையத்தைத்தான் எடுக்கப் போனார். படம் பிடிக்க வந்தவர் விடவில்லை.

“டத்தோ, கம்பி வேணாம். கையால எடுங்க. ஹேண்ட்ஸ் ஆன் தானே!”

எல்லோரும் சிரித்தார்கள். பிரமுகர் இரண்டு கைகளையும் தட்டில் முக்கி, விரல்களை வளையமாக்கித் தூக்கினார். ஒரு கணம் சவ்வு மின்னி உடைந்தது. அந்த ஒரு கணம் படம் பிடிப்பவருக்குப் போதுமாக இருந்தது. உடனே அம்மணி கையை முக்கினார். ஆதரவாளர்கள் முக்கினார்கள். ஆளுக்கொரு படம். விளக்கு ஏற்றிய கைகள் எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக அந்த விரற்கடைத் தண்ணீரில் குளித்து எழுந்தன. பிள்ளைகள் உட்கார்ந்து பார்த்தார்கள்.

கடைசியில்தான், “இப்போ நம்ம எஸ்டேட் பாப்பா ஒன்று செஞ்சு காட்டப் போறாங்க” என்று அழைத்தார்கள். இரட்டைச் சடைக்காரி எழுந்து வந்தாள். அம்மா பின்வரிசையிலிருந்து கைப்பேசியைத் தூக்கிப் பிடித்தாள். பிள்ளைக்கு நான் சொல்லியிருந்தபடி, முதலில் வளையத்தில் ஊதிப் பார்த்துவிட்டுப் பிறகு உள்ளங்கையை நனைக்க வேண்டும். வளையத்தின் பிடியை இரண்டு கையாலும் பிடித்து, தட்டில் தோய்த்து எடுத்தாள். சவ்வு நிற்கவில்லை. மறுபடி தோய்த்தாள். வளையம் மேலே வருவதற்குள் உடைந்தது. இன்னொரு முறை. வெறும் வளையத்தின் வழியாக அவள் என்னைப் பார்த்தாள்.

அம்மணி ஒலிபெருக்கியை எடுத்தார். அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன், ஒரு சொல்லும் நான் கூட்டவில்லை.

“பாத்தீங்களா குட்டீஸ்? இதுதான் சயன்ஸ். எண்ணெய் பட்டா பபள் நிக்காது. இந்தப் பாப்பா தலையப் பாருங்க, எண்ணெய் அப்படியே வழியுது. அம்மாகிட்ட சொல்லும்மா, ஃபங்ஷனுக்கு வர்றப்போ ஷாம்பூ போட்டு விடச் சொல்லி. ஓகே?”

மண்டபம் சிரித்தது. பெரியவர்கள் சிரித்தார்கள். சிரித்தவர்களில் எங்கள் தோட்டத்து ஆட்களும் உண்டு, அதுதான் இன்னும் வயிற்றெரிச்சல். பிள்ளை தன் கையைத் தூக்கித் தலையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, விரலைப் பார்த்தாள். பின்வரிசையில் அம்மாவின் கைப்பேசி மெல்லக் கீழே இறங்கியது. அம்மணி அவள் தோளைப் பிடித்து ஓரமாக நகர்த்திவிட்டு, தன்னோடு பட்டணத்திலிருந்து அழைத்து வந்திருந்த பிள்ளைகளில் ஒருவனைக் கூப்பிட்டார். எண்ணெய் காணாத தலை, காற்றில் முடி பறக்கிறது. அவன் தோய்த்தான். அவனுக்கும் உடைந்தது. “எஸ்டேட் தண்ணி சரியில்ல போல” என்றார் அம்மணி.

எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. மேடைக்கு முன்னால் போய்த் தட்டைப் பார்த்தேன். தண்ணீரின் மேல் கண் கண்ணாக எண்ணெய் மிதந்தது. அதில் கறுப்புப் பொடி. திரியின் கரி. எந்தப் பிள்ளையின் தலையில் கரி இருக்கிறது?

“மேடம், பிள்ள இன்னும் தண்ணியில கையே வைக்கல. கம்பிப் பிடியத்தான் பிடிச்சிருந்தா” என்றேன்.

“டீச்சர், புரோகிராம் போய்க்கிட்டிருக்கு. அப்புறம் பேசலாம்.”

அப்புறமாம்! ஆறு வயதுப் பிள்ளையை அவமானப்படுத்துவது இப்போது, பதில் அப்புறம். அவருடைய ஒலிபெருக்கி எனக்குத் தேவைப்படவில்லை. பாலர் வகுப்பு நடத்துகிறவளின் தொண்டைக்கு அந்த மண்டபம் சிறியது. பிள்ளைகள் பக்கம் திரும்பிக் கேட்டேன்.

“இந்தத் தட்டுல யாரெல்லாம் கைய விட்டாங்க? பாத்தவங்க காட்டுங்க.”

காலையிலிருந்து அந்தத் தட்டை விட்டுக் கண்ணை எடுக்காத பிள்ளைகள் அவர்கள். எல்லா விரலும் ஒன்றாக முன்வரிசை நாற்காலிகளைக் காட்டின. ஒருவன் எழுந்தே நின்று, “அந்த மாலை போட்ட அங்கிள்! அப்பறம் இந்த ஆன்ட்டி!” என்றான்.

“அவங்க கையில என்ன இருந்திச்சு?”

“வெளக்கு எண்ண!”

பிரமுகர் தன் கையைத் திருப்பிப் பார்த்தார். மோந்து பார்த்தார். “ஆமா லா, நல்லெண்ண வாசம் அடிக்குது” என்று சொல்லிக் கொஞ்சம் சிரிக்கவும் செய்தார். நியாயமாகச் சொன்னால், அந்த இடத்திலேயே எல்லாம் முடிந்திருக்கும். அவர் ஒரு வார்த்தை அந்தப் பிள்ளையிடம் சொல்லியிருந்தால் நான் வீட்டுக்குப் போய் நிம்மதியாகச் சோறு தின்றிருப்பேன். ஆனால் அம்மணிக்கு முகம் சிவந்துவிட்டது.

“குத்துவிளக்க குறை சொல்றீங்களா டீச்சர்? நீங்க ஒரு இந்து தானே?”

மண்டபத்தில் சலசலப்பு. சிரித்தவர்கள் எல்லோரும் இப்போது என்னைப் பார்த்து முறைத்தார்கள். எங்கள் ஆட்களிடம் இது ஒன்று போதும், சாமியை இழுத்துவிட்டால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். நான் நிறுத்தவில்லை. 

“வெளக்குல ஒரு குறையும் இல்ல மேடம். வெளக்கேத்துன கைய கழுவாம பிள்ளைங்க தண்ணியில விட்டீங்களே, அதச் சொல்றேன். அத மறைக்க பிள்ள தலைய காட்டுனீங்களே, அதச் சொல்றேன். எண்ண பட்டா உடையும்னு எங்க பிள்ளைங்களுக்குத் தெரியும். யார் எண்ணன்னு பாக்கத் தெரியாதவங்க சயன்ஸ் சொல்லித் தர வந்திருக்கீங்க.”

தலைமையாசிரியர் ஓடி வந்து என் கையைப் பிடித்தார். அம்மணி கடிகாரத்தைப் பார்த்தார். சி ரூசா கடற்கரையில் பிரமுகருக்கு மதிய விருந்து ஏற்பாடாகியிருந்ததாம், நேரமாகிவிட்டதாம். பன்னீரும் நன்றியுரையும் வேகவேகமாக முடிந்தன. உதவியாளர்கள் தட்டைத் தூக்கி வாய்க்காலில் கவிழ்த்து, வளையங்களை அட்டைப் பெட்டியில் போட்டு, வேனில் ஏற்றினார்கள். கையால் செய்து கற்கும் நிகழ்ச்சியில் எங்கள் பிள்ளைகளின் ஒரு கைகூடத் தண்ணீரில் படவில்லை. பதாகையை மட்டும் விட்டுவிட்டுப் போனார்கள்.

நான் வகுப்புக்குப் போய் எங்கள் பழைய பேசினை எடுத்து வந்தேன். குழாயடியில் வைத்து, சவர்க்காரம் ஊற்றி, பிள்ளைகளையே செம்பருத்தி இலை பறிக்கச் சொன்னேன். கையைக் கழுவினார்கள், கசக்கினார்கள், ஊதினார்கள். எண்ணெய் வைத்த தலைகளுக்கு மேலே சோப்பு முட்டைகள் கூட்டம் கூட்டமாகப் பறந்தன. சற்று முன் தூங்கி விழுந்த சின்னது இப்போது குதியாய்க் குதித்தது. எங்கள் தோட்டத்துத் தண்ணீருக்கும் ஒரு கேடும் இல்லை என்பது தெரிந்தது.

இரட்டைச் சடைக்காரி மட்டும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, பேசினிலிருந்து விலகித் தள்ளி நின்றாள். பப்பாளிக் காம்பை நீட்டினேன். வாங்கவில்லை.

“எனக்கு வேணாம் டீச்சர். நான் வந்தா எல்லாம் ஒடஞ்சிடும்.”

மற்ற எதற்கும் நான் அன்று அழவில்லை. இதற்கு முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டியிருந்தது. அவள் அம்மா வந்து, “வா போலாம்” என்று ஒரே வார்த்தையோடு கூட்டிக்கொண்டு போனாள். என்னைப் பார்க்கவில்லை. முதலில் செய்து காட்டுவாள் என்று சொல்லி வரவழைத்தது நான்தானே, அவளுக்கு என் மேல் கோபம் இருந்தால் அதில் என்ன தப்பு?

மாலையில் தலைமையாசிரியர் அழைத்தார். நல்ல மனிதர். பிள்ளைகள் குறைந்துகொண்டே போகும் ஒரு தோட்டப் பள்ளியை எப்படியாவது ஓட்ட வேண்டும் என்ற கவலை அவருக்கு. “ஒரு வார்த்த மன்னிப்பு கேட்டுடுங்களேன் டீச்சர், அடுத்த வருஷமும் அவங்க உதவி நமக்கு வேணும்” என்றார். அவர்கள் அந்தப் பிள்ளையிடம் கேட்கட்டும் சார், அதே இடத்தில் நின்று நானும் அவர்களிடம் கேட்கிறேன் என்றேன். இரண்டுமே நடக்கவில்லை. ஆனால் அந்த அமைப்பின் முகநூல் பக்கத்தில் படங்கள் மட்டும் வந்தன. பிரமுகரின் விரல்களுக்கிடையே பளபளக்கும் சவ்வு, சிரிக்கும் அம்மணி, பின்னால் மங்கலாகத் தரையில் எங்கள் பிள்ளைகள். தோட்டப்புறக் குழந்தைகளின் கைகளில் அறிவியல் என்று தலைப்பு. அந்தப் படங்களில் தேடித் தேடிப் பார்த்தேன், ஒரு குழந்தையின் கையும் இல்லை.

திங்கட்கிழமை காலை வாசலில் பிள்ளைகளை வரவேற்றுக்கொண்டிருந்தேன். ஒரு மோட்டார் சைக்கிளிலிருந்து ஒரு சிறுமி இறங்கினாள். யாரோ புதுப் பிள்ளை என்று நினைத்தேன். கழுத்து வரை கத்தரித்த முடி, உலர்ந்து நாலா பக்கமும் பறந்தது. சடையும் இல்லை, ரிப்பனும் இல்லை. கிட்டே வந்த பிறகுதான் அவள் என்று தெரிந்தது.

“என்னம்மா இது?” என்றேன் அவள் அம்மாவிடம்.

“அடுத்த வருஷம் டவுன் ஸ்கூலுக்குப் போவப் போறா டீச்சர். அங்கயும் இப்படி எவளாச்சும் மைக்க புடிச்சி சொல்லுவா. எதுக்கு?” என்றாள். மோட்டாரைத் திருப்பும்போது, “அவளேதான் வெட்டச் சொன்னா” என்றாள். என் பதிலுக்கு நிற்காமல் கிளம்பிவிட்டாள்.

அன்று முழுக்க எனக்குப் பாடம் ஓடவில்லை. அந்த அம்மணியை மனதுக்குள் நிற்க வைத்துக் கேட்காத கேள்வியெல்லாம் கேட்டேன். ஆனால் மனதுக்குள் கேட்டு என்ன பயன்? பிள்ளையிடம் உட்கார்ந்து, “உன் தலை மேல் தப்பில்லை” என்று சொன்னாலும் நடக்காது. ஒரு பெரியவர் ஒலிபெருக்கியில் தப்பு என்றார், இன்னொரு பெரியவர் இல்லை என்கிறார். பிள்ளை யாரை நம்பும்? எங்கள் வகுப்பில் யாரையும் நம்ப வேண்டாம், செய்து பார் என்பதுதானே வழக்கம். அவள் செய்து பார்க்க வேண்டும். தலையில் எண்ணெயோடு செய்து பார்க்க வேண்டும். அவள் தலையிலோ இப்போது எண்ணெய் இல்லை.

மறுநாள் காலை குளித்துவிட்டு வந்து, தேங்காய் எண்ணெய் போத்தலை எடுத்து என் தலையில் ஊற்றினேன். தடவவில்லை, ஊற்றினேன். நெற்றியில் இறங்கும் வரை. நடுவகிடு எடுத்து இரண்டு சடை பின்னி, என் மகளின் பழைய ரிப்பனை எடுத்துக் கட்டினேன். நாற்பதைத் தாண்டிய, கொஞ்சம் பூசினாற்போல இருக்கும் ஒரு டீச்சர் இரட்டைச் சடையோடு நின்றால் எப்படி இருக்கும் என்று நீங்களே நினைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். என் கணவர் காப்பியைத் துப்பிவிட்டார். “பைத்தியம் ஏதும் புடிச்சிடுச்சா?” என்றார். “ஆமா, பேசாம இருங்க” என்றேன். சுங்கை காடுட் சிக்னலில் பக்கத்து லோரிக்காரர் கண்ணாடியை இறக்கியே பார்த்தார்.

வகுப்பு சிரித்து உருண்டது. சிரித்து முடிக்கட்டும் என்று நின்றேன். பேசினை நடுவில் வைத்தேன். “டீச்சர் தலையில எண்ண இருக்கா?” என்று கேட்டேன். வரிசையாக வந்து தொட்டுப் பார்த்தார்கள். “ஐயே, வழியுது டீச்சர்!” என் தலையைத் தொட்ட கையோடு முதலில் நானே தண்ணீரில் விரல் வளையத்தை விட்டு எடுத்துக் காட்டினேன். சவ்வு உடைந்தது. பிறகு சவர்க்காரம் போட்டுக் கையைத் தேய்த்துக் கழுவி, பேசினுக்கு வேறு தண்ணீர் மாற்றி, உள்ளங்கையை நனைத்துக் காம்பில் மெல்ல ஊதினேன். எனக்கு அவளைப் போல ஊத வராது. நாலைந்து உடைந்தன. பிறகு ஒன்று, கோலிக்குண்டை விடக் கொஞ்சம் பெரிது, கையில் உட்கார்ந்தது. என் நெற்றியில் எண்ணெய் வழிந்துகொண்டிருந்தது. குமிழி உட்கார்ந்தே இருந்தது.

அவள் சுவரோரம் நின்று பார்த்தாள். நான் கூப்பிடவில்லை. கூப்பிட வாய் வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன். வெகு நேரம் கழித்து வந்தாள். என் சடையை எடுத்து, நுனி வரை இரண்டு கையாலும் வழித்தாள். உள்ளங்கையை வெளிச்சத்தில் காட்டி மினுமினுப்பைப் பார்த்தாள். அப்புறம் அந்தக் கையைத் தன் வெட்டிய தலையில் தேய்த்துக்கொண்டாள், இரண்டு பக்கமும், நன்றாக.  குழாய்க்குப் போனாள், சவர்க்காரம் போட்டுக் கழுவினாள், கையை மோந்து பார்த்தாள், மறுபடி கழுவினாள். வந்து உட்கார்ந்து கையை நனைத்து ஊதினாள். எலுமிச்சை அளவுக்கு வந்து உட்கார்ந்தது. அதன் மேல் சன்னலும், எங்கள் முகங்களும், என் இரட்டைச் சடையும் தலைகீழாகத் தெரிந்தன.

“தலையில இல்ல டீச்சர்” என்றாள். “கையிலதான்.”

இப்போது அவள் பட்டணத்துப் பள்ளியில் முதலாம் ஆண்டு படிக்கிறாள். சில வாரங்களுக்கு முன் சிரம்பான் பாசாரில் கீரைக்கடை அருகே அம்மாவோடு பார்த்தேன். முடி தோள்வரை வளர்ந்திருந்தது. இரண்டு குட்டைச் சடை, எண்ணெய் வைத்துப் படிய வாரியிருந்தது, ரிப்பன் மட்டும் பள்ளிச் சீருடைக்கு ஏற்ப நீலம். அம்மா சிரித்துக்கொண்டே என் கையைப் பிடித்தாள். பிள்ளை என் தலையையே உற்றுப் பார்த்தாள். “டீச்சர் இன்னிக்கு எண்ண வைக்கலியா?” என்று கேட்டாள்.

அந்த அம்மணி இன்னமும் தோட்டம் தோட்டமாகப் போய் அதே நிகழ்ச்சியை நடத்துவதாகக் கேள்வி. எங்கள் பள்ளிக்கு மறுபடி வந்தால் விளக்கு ஏற்றட்டும், மாலை போடட்டும், நான் தடுக்க மாட்டேன். ஆனால் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரும் சவர்க்காரமும் வைத்துக்கொண்டு நானே நிற்பேன். அந்தப் பிள்ளைக்கு முடி வளர்ந்துவிட்டது, அவள் மறந்தும் விடுவாள், மறக்கட்டும். எனக்கு மட்டும் அந்தக் கோபம் ஆறவில்லை, ஆற விடவும் போவதில்லை.